யாழ்ப்பாண மாநகர முதல்வரின் நாற்காலி

1998ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 11ஆம் திகதி, நல்லூரில் அப்போது யாழ்ப்பாண மாநகர சபை இயங்கிவந்த கட்டடத்தில் ஒரு கூட்டம் நடைபெற்றது. கூட்டத்தில் ஆராயப்பட்டது இனப்பிரச்சினைக்கான தீர்வு அன்று. சமஷ்டியா, தனிநாடா என்பதும் அன்று. யாழ்ப்பாண நகரின் போக்குவரத்தை எவ்வாறு ஒழுங்குபடுத்துவது என்பதே அன்றைய பொருள். அந்தக் கூட்டத்தில்தான் குண்டு வெடித்தது. மாநகர முதல்வர் பொன். சிவபாலன், இராணுவ, பொலிஸ் உயரதிகாரிகள் உட்படப் பத்துக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

அதற்கு ஏறத்தாழ நான்கு மாதங்களுக்கு முன்னர், மே 17ஆம் திகதி, அவருக்கு முன் அந்தப் பதவியில் இருந்த சரோஜினி யோகேஸ்வரன் தமது வீட்டில் வைத்துச் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். ஒரே ஆண்டில், ஒரே நகரத்தில், ஒரே நாற்காலியில் அமர்ந்த இருவர் கொலையுண்டனர்.

அந்நாட்களில் நான் இளம் செய்தியாளன். மாநகர சபைச் செய்திகள் பத்திரிகையில் எங்கு இடம்பெறும் என்பதை நன்கறிவேன். தெருவிளக்கு, வடிகால், சந்தைக் குத்தகை, சோலைவரி, கட்டாக்காலி மாடுகள் என்பனவே அச்செய்திகளின் உள்ளடக்கம். உட்பக்கத்தின் ஓர் ஓரத்தில் இரண்டு அங்குல இடம் கிடைத்தாலே பெரிது. அத்தகைய பதவியொன்று எவ்வாறு முதற் பக்கத்தில், அதுவும் கறுப்புக் கட்டத்துக்குள், மீண்டும் மீண்டும் இடம்பிடித்தது என்ற கேள்வி இத்தனை ஆண்டுகள் கடந்தும் என்னை விட்டு அகலவில்லை. அதற்கான விடையைத் தேடியே யாழ்ப்பாண மாநகர முதல்வர் பதவியின் வரலாற்றை இங்கு மீட்டுப் பார்க்கிறேன்.

நகரம் தன்னைத் தானே ஆளத் தொடங்கிய கதை

பிரித்தானியர் இலங்கையில் மாநகர சபைகளை 1865ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தின் மூலம் அமைக்கத் தொடங்கினர். கொழும்பும் கண்டியும் முதலில் அந்தத் தகுதியைப் பெற்றன. காலி அடுத்து வந்தது. யாழ்ப்பாணமோ நெடுங்காலம் காத்திருக்க நேர்ந்தது. இங்கு அரசாங்க அதிபரின் கச்சேரியே எல்லாமாக இருந்தது. 1906ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துக்கு உள்ளூர்ச் சபை ஒன்று கிடைத்தது. 1920களில் அது நகர மாவட்ட சபையாகவும், 1940இல் நகர சபையாகவும் வளர்ந்தது. சுதந்திரம் கிடைத்ததற்கு அடுத்த ஆண்டு, 1949 ஜனவரி முதலாம் திகதி, யாழ்ப்பாணம் மாநகர சபையாகத் தரமுயர்த்தப்பட்டது.

இவ்விடத்தில் ஒரு செய்தியைக் குறிப்பிடாமல் செல்ல முடியாது. கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவுசெய்யப்பட்ட முதலாவது மேயர் ஒரு தமிழர். 1937ஆம் ஆண்டு அப்பதவிக்கு வந்தவர் டாக்டர் இரத்தினசோதி சரவணமுத்து. தலைநகரின் முதற் குடிமகனாகத் தமிழர் ஒருவர் தெரிவாவது வியப்புக்குரியதாகக் கருதப்படாத காலமும் இந்நாட்டில் இருந்தது என்பதை இன்றைய தலைமுறை அறிந்திருத்தல் நன்று.

யாழ்ப்பாணத்தின் முதலாவது மாநகர முதல்வராகச் சாம் ஏ. சபாபதி தெரிவானார். அக்காலத்தில் வட்டார அடிப்படையில் வெற்றிபெற்ற உறுப்பினர்கள் தமக்குள் ஒருவரை முதல்வராகத் தெரிவுசெய்வார்கள். கட்சிகளின் ஆதிக்கம் அவ்வளவாக இல்லை. உறுப்பினரின் தனிப்பட்ட செல்வாக்கும், வட்டார மக்களுடன் அவருக்கிருந்த உறவுமே பேசின. 1950களில் எம்.எம். சுல்தான் என்ற முஸ்லிம் சட்டத்தரணி யாழ்ப்பாண முதல்வராகத் தெரிவுசெய்யப்பட்டார். இந்துக்கள் பெரும்பான்மையினராக வாழ்ந்த நகரத்தில் கிறிஸ்தவரும் முஸ்லிமும் முதற் குடிமக்களாக முடிந்தது. அதே நகரிலிருந்து 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, சில மணி நேர அவகாசத்தில், முஸ்லிம் மக்கள் அனைவரும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். சுல்தானின் வட்டாரத்து வீடுகள் கூரையிழந்து நின்றதைப் பின்னாளில் பார்த்தபோது, முதல்வர்களின் பட்டியலில் இருந்த அவரது பெயரே என் நினைவுக்கு வந்தது.

நூலகமும் முதல்வர்களும்

யாழ்ப்பாண முதல்வர் பதவியின் வரலாற்றை நூலகத்தின் வரலாற்றிலிருந்து பிரித்துச் சொல்ல இயலாது. 1933இல் க.மு. செல்லப்பா என்ற நூலார்வலர் தமது வீட்டில் தொடங்கிய சிறிய இரவல் நூலகமே பின்னர் பொது நூலகமாகி, 1935இல் அன்றைய உள்ளூராட்சிச் சபையின் பொறுப்புக்கு வந்தது. அதற்கென நிலையான கட்டடம் ஒன்று வேண்டும் என்று முன்னின்று உழைத்தவர் முதல்வர் சபாபதி. லோங் அடிகளார் அவருக்குத் துணைநின்றார். களியாட்ட விழா நடத்திப் பணம் திரட்டினார்கள். இந்திய நூலகவியலின் தந்தை எனப் போற்றப்படும் எஸ்.ஆர். ரங்கநாதன் ஆலோசனை வழங்கினார். சென்னையைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் நரசிம்மன் திராவிடச் சாயலில் வரைபடம் தயாரித்தார். ஒரு சிறிய நகரத்தின் சபை, தனது வரிப்பணத்தையும் மக்களின் நன்கொடையையும் நம்பி, தென்னாசியாவின் சிறந்த நூலகங்களுள் ஒன்றை எழுப்பத் துணிந்தது.

1959ஆம் ஆண்டு அந்த நூலகத்தைத் திறந்து வைத்த மாநகர முதல்வரின் பெயர் அல்பிரட் துரையப்பா.

இதை வாசிக்கும் பலருக்கு இது புதிய செய்தியாக இருக்கக்கூடும். துரையப்பா என்றதும் 1975 ஜூலை 27ஆம் திகதியும் பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோவிலுமே நினைவுக்கு வருமாறு நாம் பழக்கப்பட்டுள்ளோம். நூலகத்தைத் திறந்து வைத்த கையை நாம் மறந்துவிட்டோம்.

துரையப்பா

துரையப்பா ஒரு சட்டத்தரணி. நகரின் வறிய மக்கள், முஸ்லிம்கள், கரையோரத் தொழிலாளர் ஆகியோரிடையே அவருக்குப் பெரும் செல்வாக்கு இருந்தது. 1960 மார்ச் பொதுத் தேர்தலில் யாழ்ப்பாணத் தொகுதியில் சுயேச்சையாகப் போட்டியிட்டு, ஜி.ஜி. பொன்னம்பலத்தையே தோற்கடித்தவர் அவர். 1965இல் அத்தொகுதியை இழந்தார். 1970களில் மீண்டும் மாநகர முதல்வரானார். இம்முறை அவர் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியின் யாழ்ப்பாண அமைப்பாளராகவும் இருந்தார். தரப்படுத்தலும் 1972ஆம் ஆண்டின் குடியரசு அரசியலமைப்பும் தமிழ் இளைஞர்களைக் கொதிப்படையச் செய்திருந்த காலம் அது. ஆளுங்கட்சியின் ஆள் என்ற முத்திரை அவர்மீது ஆழப் பதிந்தது.

1974 ஜனவரியில் யாழ்ப்பாணத்தில் நான்காவது அனைத்துலகத் தமிழாராய்ச்சி மாநாடு நடைபெற்றது. இறுதி நாளான ஜனவரி 10ஆம் திகதி இரவு பொலிஸார் கூட்டத்தினுள் புகுந்ததைத் தொடர்ந்து மின்கம்பி அறுந்து வீழ்ந்து பலர் உயிரிழந்தனர். பொலிஸார்மீது எழுந்த மக்களின் கோபம் மாநகர முதல்வர்மீதும் திரும்பியது. மாநாட்டுக்கு அவர் ஒத்துழைக்கவில்லை என்பதே அவர்மீது சுமத்தப்பட்ட பழி. அதற்கு முன்னரே அவரைக் கொல்ல முயற்சி நடந்திருந்தது. அம்முயற்சியுடன் தொடர்புபடுத்திப் பேசப்பட்ட பொன். சிவகுமாரன் 1974 ஜூனில் சயனைட் அருந்தி உயிர்துறந்தார். அடுத்த ஆண்டு ஜூலையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொன்னாலைக் கோவிலுக்குச் சென்ற துரையப்பா சுட்டுக் கொல்லப்பட்டார். வரதராஜப் பெருமாளை வழிபடச் சென்ற அவர் ஒரு கிறிஸ்தவர். 1978 ஏப்ரலில் விடுதலைப் புலிகள் இக்கொலைக்கு உரிமை கோரினர்.

துரையப்பாவின் அரசியலை நான் இங்கு நியாயப்படுத்த வரவில்லை. அதனோடு உடன்படாதவர்களே அன்று நகரில் அதிகம். ஆயினும், ஒரு நகரத்தின் முதல்வரை நீக்க மக்களிடம் வாக்குச் சீட்டு இருந்தது. அந்தச் சீட்டுக்கான தருணம் வரும்வரை காத்திருக்க யாரும் விரும்பவில்லை. 'துரோகி' என்ற சொல்லுக்கு அன்று கிடைத்த வலிமை பின்னர் ஒருபோதும் குறையவே இல்லை. அந்தச் சொல் முதன்முதலில் உயிர் குடித்த இடங்களுள் ஒன்று மாநகர முதல்வரின் நாற்காலி.

எரிந்த இரவு

1979இல் தமிழர் விடுதலைக் கூட்டணி மாநகர சபையைக் கைப்பற்றியது. இராஜா விஸ்வநாதன் முதல்வரானார். மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல் நெருங்கியிருந்த வேளை, 1981 மே 31ஆம் திகதி, நாச்சிமார் கோவிலடியில் நடந்த கூட்டணியின் கூட்டத்தில் பொலிஸார்மீது துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டது. அதன்பின் யாழ்ப்பாணம் எரிந்தது. 'ஈழநாடு' அலுவலகம், கூட்டணியின் பணிமனை, யாழ்ப்பாண நாடாளுமன்ற உறுப்பினர் வெ. யோகேஸ்வரனின் வீடு என்பன தீக்கிரையாகின. ஏறத்தாழ 97,000 நூல்களுடன் பொது நூலகமும் சாம்பலாயிற்று.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. எரிந்த தாளின் கரித்துண்டு ஒன்று எங்கள் முற்றத்தில் வந்து விழுந்தது. அதில் சில எழுத்துகளை வாசிக்க முடிந்தது. அம்மா அதைக் கையில் எடுக்க முயன்றபோது பொடியாகிவிட்டது.

அன்றிரவு யோகேஸ்வரனின் வீட்டிலிருந்து உயிர் தப்பியவர்களுள் அவரது துணைவி சரோஜினியும் ஒருவர். பதினேழு ஆண்டுகள் கழித்து, நூலகத்தை இழந்த அதே மாநகர சபைக்கு அவர் முதல்வராக வந்தார். அரசின் தீயிலிருந்து தப்பிய அவர், தமிழரின் துப்பாக்கிக்குத் தப்பவில்லை. எமது வரலாற்றின் கசப்பெல்லாம் இந்த ஒரு வாழ்க்கையினுள் அடங்கியிருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

விஸ்வநாதனின் சபை நூலகத்தை மீளக் கட்டியெழுப்ப முனைந்தது. 1984இல் ஒரு பகுதி தயாரானது. அடுத்த ஆண்டே மோதல்களில் அதுவும் சேதமுற்றது. அதற்குள் சபையே இல்லாத நிலை தோன்றிவிட்டது. 1983 மே 18ஆம் திகதி நடந்த உள்ளூராட்சித் தேர்தலைப் புறக்கணிக்குமாறு விடுதலைப் புலிகள் கோரியிருந்தனர். மிகச் சிலரே வாக்களித்தனர். கந்தர்மடத்தில் வாக்குச் சாவடியில் படைவீரர் ஒருவர் கொல்லப்பட, அப்பகுதி வீடுகள் படையினரால் எரிக்கப்பட்டன. அதன்பின் பதினைந்து ஆண்டுகளுக்கு யாழ்ப்பாணத்தில் மாநகர சபைத் தேர்தலே நடக்கவில்லை. கோட்டையின் அருகே இருந்த மாநகர மண்டபமும் போரில் அழிந்தது.

1998

1998 ஜனவரி 29ஆம் திகதி, இராணுவக் கட்டுப்பாட்டிலிருந்த யாழ்ப்பாணத்தில் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது. வாக்களித்தோர் தொகை சொற்பமே. தமிழர் விடுதலைக் கூட்டணி மாநகர சபையின் நிர்வாகத்தைப் பெற்றது. சரோஜினி யோகேஸ்வரன் யாழ்ப்பாணத்தின் முதலாவது பெண் முதல்வரானார். அவரது கணவர் யோகேஸ்வரன், 1989 ஜூலை 13ஆம் திகதி, அமிர்தலிங்கத்துடன் கொழும்பில் வைத்துப் புலிகளால் கொல்லப்பட்டிருந்தார் என்பது வாசகர்கள் அறிந்ததே. அந்த இழப்பின் பின்னரும் அவர் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வந்து அந்த நாற்காலியில் அமர்ந்தார்.

அவரது கொலைக்குச் 'சங்கிலியன் படை' என்ற பெயரில் உரிமை கோரப்பட்டது. அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்தவர்கள் யார் என்பதில் ஊரில் எவருக்கும் ஐயம் இருக்கவில்லை. ஆயினும் மறுநாள் நான் எழுதிய செய்தியில் 'இனந்தெரியாத நபர்கள்' என்றே இருந்தது. செப்டெம்பரில் சிவபாலன் இறந்தபோதும் அதே சொற்களையே பயன்படுத்தினேன். படையினர் கொன்றால் 'இனந்தெரியாதோர்', புலிகள் கொன்றால் 'இனந்தெரியாதோர்', துணைக்குழுக்கள் கொன்றாலும் 'இனந்தெரியாதோர்'. அந்தச் சொல் எங்கள் உயிரைக் காத்தது. அதுவே எங்கள் வாயையும் கட்டியது. யாழ்ப்பாணத்துச் செய்தியாளன் எவனும் தன் வாழ்நாளில் அதிகம் எழுதிய சொல் எதுவென்று கேட்டால், அதுவாகத்தான் இருக்கும். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை.

ஒரு சிறு சம்பவத்தையும் பதிவு செய்கிறேன். சரோஜினி கொல்லப்பட்ட வாரத்தில், எனது அயலவரான ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் என்னிடம், "தம்பி, அந்தப் பிள்ளை ஏன் இந்தப் பதவிக்கு வந்தது?" என்று கேட்டார். கொன்றவர் யார் என்று அவர் கேட்கவில்லை. ஏன் கொன்றார்கள் என்றும் கேட்கவில்லை. வந்தவர் ஏன் வந்தார் என்பதே அன்று எங்கள் ஊரின் கேள்வியாக இருந்தது.

பின்னர் நடராஜா ரவிராஜ் முதல்வரானார். 2001 டிசெம்பரில் அவர் நாடாளுமன்றத்துக்குத் தெரிவாகிச் சென்றார். சிங்களத்தில் சிங்கள மக்களோடு நேரடியாகப் பேசத் துணிந்த தமிழ் அரசியல்வாதி அவர். 2006 நவம்பர் 10ஆம் திகதி கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரது மெய்ப்பாதுகாவலரான சிங்களப் பொலிஸ் உத்தியோகத்தரும் உடன் மடிந்தார். அவ்வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டோரை, கடற்படையினர் உட்பட, 2016 டிசெம்பரில் நீதிமன்றம் விடுவித்தது. முன்னைய முதல்வர்களைக் கொன்றது ஒரு தரப்பு என்றால், இவரைக் கொன்றதாகச் சந்தேகிக்கப்பட்டது மறு தரப்பு. இரு பக்கத்துத் துப்பாக்கிகளும் இந்த நாற்காலியை அறிந்திருந்தன.

திறக்க முடியாத கதவு

ரவிராஜின் பின் செல்லன் கந்தையன் முதல்வரானார். ஒடுக்கப்பட்ட சமூகமொன்றிலிருந்து வந்தவர் அவர். சமாதான காலம் அது. புனரமைக்கப்பட்ட நூலகத்தை 2003 பெப்ரவரி 14ஆம் திகதி திறப்பதென அவரது சபை தீர்மானித்தது. விடுதலைப் புலிகள் அதனை எதிர்த்தனர். திறப்பு விழா தடைப்பட்டது. உறுப்பினர்கள் பதவி விலகினர். திருத்த வேலைகள் முடியவில்லை என்றும், எரிந்த வரலாற்றை மூடிமறைக்க அரசு முயல்கிறது என்றும் காரணங்கள் சொல்லப்பட்டன. கந்தையனின் பெயர் திறப்பு விழாக் கல்லில் பொறிக்கப்படுவதைச் சகிக்க முடியாத சாதித் திமிரும் அதன் பின்னால் இருந்தது என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. புலிகள் அதனை மறுத்தனர். அந்த மறுப்பைப் பதிவு செய்யும் அதே வேளை, அக்குற்றச்சாட்டை யாழ்ப்பாணத்தில் எவரும் நம்ப முடியாதது என்று தள்ளிவிடவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டியுள்ளது. பின்னர் விழா எதுவுமின்றி நூலகக் கதவுகள் திறக்கப்பட்டன.

சபாபதி கட்டத் தொடங்கினார். துரையப்பா திறந்தார். விஸ்வநாதன் எரியக் கண்டார். கந்தையனால் திறக்க முடியவில்லை. நகரத்தின் கதை முழுவதும் இந்த நான்கு முதல்வர்களில் அடங்கிவிடுகிறது.

போருக்குப் பின்

2009 மே மாதம் போர் முடிந்தது. ஓகஸ்ட் 8ஆம் திகதியே மாநகர சபைத் தேர்தல் நடத்தப்பட்டது. வன்னி மக்கள் முட்கம்பி முகாம்களுக்குள் இருந்த வேளை அது. வாக்களித்தோர் ஏறத்தாழ 22 வீதத்தினரே. ஆளுங்கூட்டணியில் போட்டியிட்ட ஈ.பி.டி.பி. தரப்பைச் சேர்ந்த யோகேஸ்வரி பற்குணராஜா முதல்வரானார்.

2018இல் கலப்புத் தேர்தல் முறை அறிமுகமாகி, 23 பேர் கொண்ட சபை 45 பேராக விரிந்தது. எக்கட்சிக்கும் அறுதிப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. தமிழரசுக் கட்சியின் இம்மானுவேல் ஆர்னோல்ட் முதல்வரானார். புதிய சட்டத்தின்படி வரவு செலவுத் திட்டம் இரண்டாவது தடவையும் தோற்கடிக்கப்பட்டால் முதல்வர் பதவியிழப்பார். 2020 டிசெம்பரில் அதுவே நடந்தது. அம்மாத இறுதியில் விஸ்வலிங்கம் மணிவண்ணன் ஒரேயொரு வாக்கு வித்தியாசத்தில் முதல்வரானார்.

2021 ஏப்ரலில் மணிவண்ணன் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்டார். நகரில் குப்பை கொட்டுவோரையும் வெற்றிலை துப்புவோரையும் கண்காணிக்க ஐந்து ஊழியர்களை நியமித்து, அவர்களுக்கு நீல நிறச் சீருடை வழங்கியதே அவர் செய்த குற்றம். புலிகளின் காவல்துறைச் சீருடையை அது ஒத்திருக்கிறது என்றனர். பின்னர் பிணையில் விடுவிக்கப்பட்டார். போக்குவரத்தைப் பற்றிப் பேசிய முதல்வர் குண்டில் இறந்தார். குப்பையைப் பற்றிச் சிந்தித்த முதல்வர் பயங்கரவாதச் சந்தேகநபரானார். இடையில் இருபத்திரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தன.

அதன்பின் மீண்டும் பதவி விலகல், மீண்டும் ஆர்னோல்ட், 2023 மார்ச்சில் சபையின் காலம் முடிவு, இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக ஆணையாளரின் நிர்வாகம் எனக் காலம் கடந்தது. 2025 மே மாதத் தேர்தலின் பின், ஜூனில் தமிழரசுக் கட்சியைச் சேர்ந்த விவேகானந்தராஜா மதிவதனி முதல்வராகத் தெரிவானார்.

நாற்காலியின் எடை

தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருகிறேன். வடிகாலையும் தெருவிளக்கையும் பார்க்க வேண்டிய பதவிக்கு ஏன் இவ்வளவு இரத்தம்?

என் எண்ணம் இதுதான். எமக்கு அரசு இருக்கவில்லை. மாகாண ஆட்சியும் நெடுங்காலம் கிடைக்கவில்லை. எனவே எமது கைக்கு எட்டிய மிகச் சிறிய நாற்காலியையே நாம் சிம்மாசனமாக நினைத்தோம். கொழும்புக்கு அந்த நாற்காலி வேண்டியிருந்தது, யாழ்ப்பாணம் தன் பிடியில் உள்ளது என்று உலகுக்குக் காட்டுவதற்காக. புலிகளுக்கு அது வெறுமையாகக் கிடக்க வேண்டியிருந்தது, தம்மையன்றி வேறு பிரதிநிதி இல்லை என்று காட்டுவதற்காக. இந்த இரண்டுக்கும் இடையில் நகரத்தின் வடிகால் யாருடைய கவலையாகவும் இருக்கவில்லை. சுண்ணாம்புக் கல் நிலத்தில் அமைந்த யாழ்ப்பாணத்தின் கிணறுகளில் மலக்குழிக் கழிவு கலப்பதைப் பற்றிப் பல்லாண்டுகளாகப் பேசுகிறோம். முதல்வர்களைக் கொன்றவர்களும் பொம்மையாக்கியவர்களும் அந்தக் கிணற்று நீரையே குடித்தார்கள்.

1950களில் அந்தப் பதவி சிறியதாகவே இருந்தது. சிறியதாக இருந்தபடியால்தான் அதனால் ஒரு பெரிய நூலகத்தைக் கட்ட முடிந்தது. அது கொடியாகவும் அடையாளமாகவும் மாறிய பின்னர், கட்டியதைக் காப்பாற்றவும் முடியவில்லை, அமர்ந்தவர்களைக் காப்பாற்றவும் முடியவில்லை.

துரையப்பாவின் பெயரை விளையாட்டரங்கு ஒன்று தாங்கி நிற்கிறது. அங்கு பந்து விளையாடும் பிள்ளைகளுள் எத்தனை பேருக்கு அவர் யாரென்று தெரியுமோ, அறியேன். சரோஜினியையும் சிவபாலனையும் நினைவுகூரும் கூட்டங்களுக்கு வருவோரை விரல்விட்டு எண்ணலாம். அவர்களை மாவீரர்களாக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவர்களின் மரணச் செய்தியை 'இனந்தெரியாத நபர்கள்' என்று எழுதியவர்களுள் ஒருவன் என்ற முறையில், இந்தக் கடனை இப்போதாவது தீர்க்க முயல்கிறேன். அவர்கள் ஒரு நகரத்தின் குப்பையையும் வீதியையும் விளக்கையும் பற்றிப் பேச வந்தவர்கள். அதைப் பேசுவதற்காகவே உயிர் கொடுத்தவர்கள்.

யாழ்ப்பாணத்தின் இனிவரும் முதல்வர்கள் தமது காலத்தை முடித்து, முதுமையடைந்து, வடிகாலை ஒழுங்காகக் கட்டவில்லை என்று மக்களிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு வாழட்டும். அந்த ஏச்சுச் செய்தி பத்திரிகையின் உட்பக்கத்தில், இரண்டு அங்குலத்தில் வரட்டும்.